உலக மேப்பில் ஆடினால் உலக வரலாறு வந்தே ஆக வேண்டுமா? சிவ் வகை கேம்களில் எங்கே கோடு போடுவது?

அறுகோணம்:

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஃப்ரீசிவ் கேமுக்கு (நாகரிகங்களை வளர்த்து ஆடும் சிவிலைசேஷன், சுருக்கமாக 'சிவ்', அதை ஒட்டி வந்த இலவச கேம்) ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். உலக வரைபடம்தான் களம். வேளாண்மையில் தொடங்கி நீராவி எஞ்சினில் முடியும். பாதி வேலை முடிந்து இப்போது நின்றுபோயிருக்கிறது. நிரல் எழுத நேரம் இருக்கிறது, ஒத்துப்போகத்தான் முடியவில்லை.

ஒருவர் சொல்வது இது: உலக மேப் என்று வைத்துவிட்டால் வரலாறும் அதன்படி நடக்க வேண்டும். ரோம் எழ வேண்டும், விழ வேண்டும். மங்கோலியர் 13ஆம் நூற்றாண்டில் வந்தே தீர வேண்டும். இன்னொருவர், "அப்படியென்றால் ஆடுகிறவனுக்கு என்ன வேலை, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா?" என்கிறார். நான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிவ் 5இல் ரசிகர்கள் செய்த மோட் வழியாகவும், சிவ் 6இல் நேரடியாகவும், ஒவ்வொரு நாகரிகமும் அதன் சொந்த இடத்தில் தொடங்கும் உலக மேப் உண்டு. ஆடியவர்களுக்குத் தெரியும். ஐரோப்பாவில் ஐந்தாறு பேர் நெருக்கியடித்து, இரண்டாவது நகரம் வைக்கவே இடமில்லாமல் தவிப்பார்கள். அமெரிக்கக் கண்டத்தில் தனியாளாகத் தொடங்கிய அஸ்டெக், கேட்பாரில்லாமல் பரவிக் கொழுத்து, பீரங்கிக் கப்பலோடு லிஸ்பன் வாசலில் வந்து நிற்கும். புவியியல் உண்மை, தொடக்க இடம் உண்மை, விளைவு மட்டும் தலைகீழ். இதை ரசிப்பதா, திருத்துவதா? திருத்துவதென்றால் எதைத் திருத்துவது?

ஈட்டிக்காரன்:

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். 1991இல் வந்த முதல் சிவிலைசேஷனில், மலைமேல் அரண் கட்டி உட்கார்ந்த ஈட்டிப்படை போர்க்கப்பலையே தோற்கடித்துவிடும். முப்பது வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் விடிய விடிய அதைத்தான் ஆடினார்கள்.

அஸ்டெக் லிஸ்பனுக்கு வருவதைப் பார்க்கத்தானே இந்த கேமையே திறக்கிறோம்! நடந்ததைத் தெரிந்துகொள்ள நூலகம் இருக்கிறது. நடக்காததைப் பார்க்க இது ஒன்றுதான் வழி.

தவிர, எதில் யதார்த்தம் தேடுகிறீர்கள்? கி.மு. 4000இல் ஒரு டர்ன் (ஆட்டச் சுற்று) என்பது 40 ஆண்டு. வேவு பார்க்கப் போனவன் பக்கத்து மலையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவன் பேரனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். 2010இல் ஜிடிசி என்ற கேம் தயாரிப்பாளர் மாநாட்டு உரையில், சிவ்வை உருவாக்கிய சித் மெயர் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மூன்றுக்கு ஒன்று என்று சாதகமாக இருந்தும் சண்டையில் தோற்றால், ஆடுபவர்கள் கேம் ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைக்கிறார்களாம். சாதாரண நிகழ்தகவையே நாம் ஏற்றுக்கொள்வதில்லை. "வரலாற்றுப்படி நீ இப்போது விழ வேண்டும்" என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? சேவ் ஃபைலைத் திறந்து பழைய டர்னுக்குப் போய்விடுவார்கள்.

கல்வெட்டு:

ஈட்டிக்காரன் சொல்லும் அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.

டெக் ட்ரீயை, அதாவது எந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் எது வரும் என்ற வரிசையை, எடுத்துக்கொள்வோம். சிவ் 5இல் சக்கரம் கண்டுபிடிக்காமல் சாலை போட முடியாது. அதே கேமில் தென் அமெரிக்காவின் இன்கா ஒரு நாகரிகம், அதன் சிறப்புத் திறனின் பெயரே ஆண்டிஸ் பெருஞ்சாலை! உண்மையான இன்காக்கள் 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டார்கள். வண்டிச் சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, நாம் எழுத்து என்று சொல்லும் வடிவத்தில் எழுத்தும் இல்லை. கணக்குகளைக் கயிற்று முடிச்சுகளில் வைத்துக்கொண்டு கோடிக்கு மேல் மக்களை ஆண்டிருக்கலாம் என்கிறார்கள். ஓட்டக்காரர்களும் லாமாக்களும் போகும் மலைப்பாதைக்குச் சக்கரம் எதற்கு? மெசோ அமெரிக்காவில் (மெக்சிகோ பக்கம்) சக்கரம் வைத்த களிமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ஆக, அங்கே சக்கரம் தெரியாமல் இல்லை. இழுக்க மாடும் குதிரையும்தான் இல்லை.

மத்தியதரைக் கடலோரம் நடந்ததை வரிசையாக அடுக்கி, "இதுதான் மனிதகுலம் ஏறும் படி" என்று வைத்துவிட்டு, எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்து ஆடு, நீ சுதந்திரமானவன் என்கிறது கேம். யார் ஏறினாலும் ஒரே படிக்கட்டு. என்னைக் கேட்டால் சிவ் எப்போதுமே ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட கேம்தான். நிகழ்ச்சிகளில் எழுதாமல் விதிகளுக்குள் எழுதியிருக்கிறார்கள், அதனால் கண்ணில் படுவதில்லை.

சும்மாபடிப்பவன்:

ஆண்டிஸ் பெருஞ்சாலை போடச் சக்கரம் ஆராய்ச்சி. இத்தனை வருடம் ஆடியும் இது உறைக்கவில்லையே!

பட்டுப்பாதை:

பாரடாக்ஸ் நிறுவனத்தின் வரலாற்று கேம்கள் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். இந்த விவாதத்தை அவர்கள் இருபது வருடத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு பதிப்பிலும் கட்சி மாறிக்கொண்டே.

அவர்களின் யூரோபா யூனிவர்சலிஸ் 2இல் நிகழ்ச்சிகள் நாடு வாரியாக, தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன. மன்னர்களும் வரலாற்று மன்னர்களே, வரலாற்று ஆண்டிலேயே சாவார்கள். அறுகோணத்தின் முதல் நண்பர் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். சிக்கல் என்னவென்றால், நீங்கள் அதற்குள் உலகத்தையே மாற்றி வைத்திருப்பீர்கள். காரணமே இல்லாமல் போன பிறகும் நிகழ்ச்சி மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதை உதறிவிட்டு, இஷ்டம்போல் ஆடவிடும் 'மணல்தொட்டி' பக்கம் சாய்ந்தார்கள். உடனே, "எல்லா நாடும் ஒரே மாதிரி இருக்கிறது, உப்பு சப்பில்லை" என்று குறை. நான்காம் பாகத்தில் சமரசம்: நிகழ்ச்சிக்குத் தேதி இருக்காது, நிபந்தனை இருக்கும். 2018இல் அதன்மேல் மிஷன் மரங்கள் வந்தன. வரலாற்று வழியில் போனால் பரிசு, போகாவிட்டால் தண்டனை இல்லை.

அதிலேயே 'அதிர்ஷ்ட நாடுகள்' என்று ஓர் அமைப்பு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஆட்டோமான், பிரான்ஸ், மஸ்கோவி போன்ற, வரலாற்றில் வென்ற சில நாடுகளுக்குக் கணினி ஆடும்போது ரகசியமாகக் கொஞ்சம் கூடுதல் பலம். எனக்கு அது கேவலமாகப் படவில்லை. எங்கள் விதிகள் தாமாக ஆட்டோமானை உருவாக்கவில்லை, அதனால் கையால் தள்ளிவிடுகிறோம் என்று தயாரிப்பாளர்களே நேர்மையாக ஒத்துக்கொள்ளும் இடம் அது.

இன்னொருடர்ன்:

யாரும் இன்னும் ரைஸ் அண்ட் ஃபாலைச் சொல்லவில்லையே! சிவ் 6 விரிவாக்கத்தைச் சொல்லவில்லை. சிவ் 4க்கு வந்த 'ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்' மோட். தனியாள் ஒருவர் செய்தது, 2007இல் பியாண்ட் த ஸ்வோர்டு விரிவாக்கத்தோடு அதிகாரப்பூர்வமாகவே சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதில் எல்லோரும் கி.மு. 4000இல் தொடங்குவதில்லை. ஒவ்வொரு நாகரிகமும் அதன் காலத்தில், அதன் இடத்தில் பிறக்கும். நீங்கள் ரோமாக ஐரோப்பாவைப் பிடித்து வைத்திருந்தால், பிரான்ஸ் பிறக்கும் நேரத்தில் அந்தப் பகுதி நகரங்கள் உங்களை விட்டுவிட்டு அவர்களோடு போய்விடும். வேண்டுமென்றால் நீங்களே புது நாகரிகத்துக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேம் கேட்கும். சொந்த மண்ணை விட்டு அதிகம் விரிந்தால் நிலைத்தன்மை சரியும், ஒரு கட்டத்தில் பேரரசு பொலபொலவென்று உதிரும். வெற்றிக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று வரலாற்று இலக்குகள். முன்னூறு டர்ன் தாக்குப்பிடிக்க வேண்டியதில்லை. பாபிலோனுக்குப் பாபிலோனின் வேலை முடிந்தால் போதும், வெற்றி.

வீழ்ச்சி என்பதை ஆட்டத்தின் பகுதியாக, கசப்பில்லாமல் செய்துகாட்டிய ஒரே சிவ் அதுதான் என்பேன். அறுகோணம், உங்கள் முதல் நண்பரை அதை ஒரு வாரம் ஆடச் சொல்லுங்கள்.

ஈட்டிக்காரன்:

ஆடியிருக்கிறேன். முதல் இரண்டு ஆட்டம் அபாரம். மூன்றாவது ஆட்டத்திலிருந்து அது புதிர் விடுவிப்பது மாதிரி ஆகிவிடும். எந்த டர்னில் யார் எங்கே பிறப்பார்கள் என்று தெரிந்துவிட்டது அல்லவா? பிரான்ஸ் எடுத்துக்கொள்ளப்போகும் நகரத்தில் யாராவது கோவில் கட்டுவார்களா? அங்கே ஒரு செங்கல்கூட வைக்காமல், படைகளை முன்கூட்டியே வெளியே நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டு வரிசையில் நிற்பதற்குப் பெயர் வரலாறா?

மோட்டுவளை:

ஈட்டிக்காரன் வேறு எதையோ சொல்லப்போய், இந்த இழையின் மையத்தில் கை வைத்துவிட்டார்.

யதார்த்தமா, சுதந்திரமா என்று கேட்பதே தப்பான இடத்தில் தோண்டுவது. இந்த கேம்களில் வரலாறு வரலாறாக இல்லாமல் போவதற்குக் காரணம் விதிகளும் இல்லை, நிகழ்ச்சிகளும் இல்லை. நாம்தான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மன்னன் உலக வரலாற்றில் எங்குமே இருந்ததில்லை. நாமோ கி.மு. 4000இலேயே யுரேனியத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு தொடங்குகிறோம்! "இரும்பு வரப்போகிறது, வெண்கலத்தில் காசைக் கொட்ட வேண்டாம்" என்று திட்டமிடுகிறோம். அப்படித் திட்டமிட்ட ஒரு வெண்கலக்கால அரசனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சிவ் 6இல் யுரேகா என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கடலோரம் நகரம் வைத்தால் கப்பலோட்டம் சீக்கிரம் வரும், கல்குவாரி அமைத்தால் கட்டடக்கலை சீக்கிரம் வரும். செயலிலிருந்து அறிவு பிறக்கிறது. காகிதத்தில் அருமையான யதார்த்தம், கல்வெட்டு கேட்கும் படிக்கட்டு உடைப்புக்கும் அது ஒரு தொடக்கம். ஆனால் பட்டியல் முன்கூட்டியே திரையில் இருக்கிறது. விளைவு? வெண்கலம் வேண்டும் என்பதற்காக மூன்று காட்டுமிராண்டிப் படைகளைத் தேடித் தேடிக் கொல்கிறோம். தேவை அறிவைப் பிறப்பிக்கவில்லை, அறிவுக்காகத் தேவையை நடிக்கிறோம்.

இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. 1999இல் வந்த ஆல்ஃபா சென்டாரி கேமில் குருட்டு ஆராய்ச்சி என்று ஒரு விருப்பம் உண்டு. எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. படையா, உற்பத்தியா, ஆய்வா, தேடலா என்று திசை மட்டும் காட்டலாம். பாரடாக்ஸின் விண்வெளி கேமான ஸ்டெல்லாரிஸ் சில அட்டைகளை நீட்டி, இதில் ஒன்றை எடு என்கிறது. சிவ் 4ஐ வடிவமைத்தவர் பின்னால் செய்த ஓல்ட் வேர்ல்டிலும் ஆராய்ச்சி அட்டைக்கட்டுதான். எடுக்காத அட்டை அடுத்து எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. இவை எதுவும் வரலாற்றை ஸ்கிரிப்ட் செய்யவில்லை, ஆடுபவரின் கையையும் கட்டவில்லை. ஆனால் ஆடும்போது வரும் உணர்வு வேறு. கையில் வந்ததை வைத்துக் காலம் தள்ளுகிறோம், மன்னர்கள் தள்ளியது போலவே.

ஆக என் கோடு இது: என்ன நடக்க வேண்டும் என்பதில் கைவைக்காதீர்கள். ஆடுபவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் கைவையுங்கள்.

பட்டுப்பாதை:

மோட்டுவளை அண்ணா சொல்வதற்கு நல்ல சாட்சி, அன்று பிரான்சை ஒட்டியிருந்த பர்கண்டி.

1477இல் நான்சி போரில் பர்கண்டியின் சார்லஸ் செத்துப்போனார். ஆண் வாரிசு இல்லை, ஒரே மகள் மேரி. அவர் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்ஸிமிலியனை மணந்தார், பர்கண்டியிடம் இருந்த நெதர்லாந்துப் பகுதிகள் ஹாப்ஸ்பர்க் கைக்குப் போயின. ஒரு குளிர்காலப் போரில் நடந்த ஒரு சாவு ஐரோப்பாவை அடுத்த சில நூற்றாண்டுக்குத் திசை மாற்றியது. யூரோபா 4இல் இதை நிபந்தனை வைத்துச் செய்திருக்கிறார்கள். வாரிசில்லாமல் மன்னர் செத்தால்தான் நடக்கும். நல்ல வடிவமைப்புதான். ஆனால் ஆஸ்திரியாவை எடுத்து ஆடுகிறவன் முதல் மாதத்திலேயே பர்கண்டியோடு மண உறவு வைத்துவிட்டுச் சாவுக்காகக் காத்திருப்பான். பர்கண்டியை எடுத்தவன் முதல் நாளிலிருந்தே வாரிசுக் கவலையில் இருப்பான். அசலில் அது விபத்து, இங்கே அது நாட்காட்டியில் குறித்துவைத்த நாள்.

ஆனாலும் ஒன்றில் மாறுபடுகிறேன். அறியாமை மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். பாரடாக்ஸின் இன்னொரு கேமான க்ரூஸேடர் கிங்ஸில் மன்னர் செத்தால் நாடு மகன்களுக்குள் பிரிந்துவிடும். அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், மறைத்துவைத்த எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் அதற்குள் நெளிகிறார்கள். ஒரு மகனை மடத்துக்கு அனுப்புகிறார்கள், ஒருவனைப் போர்முனைக்கு அனுப்புகிறார்கள், கடைசியில் விஷம்தான். முதல்முறை ஆடும்போது, "என்ன மாதிரி ஆளாக என்னை இந்த கேம் ஆக்குகிறது!" என்று தோன்றும். 1595இல் அரியணை ஏறிய ஆட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மது தன் 19 சகோதரர்களைக் கழுத்து நெரித்துக் கொல்ல வைத்தார். அவருக்கும் நமக்கும் இருந்தது ஒரே அழுத்தம். "இங்கே சகோதரக் கொலை நடக்கட்டும்" என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விதியை வைத்தார்கள், கொலையை நாமே போய்ச் செய்தோம். வரலாறு இப்படி வந்தால் எனக்குப் போதும்.

நாவாய்:

இங்கே புதியவன், ஒரு சந்தேகம். சிவ் 7 இந்தப் பிரச்சினையைத் தீர்க்கத்தானே யுகம் மாறும்போது நாகரிகமும் மாறும் என்று வைத்தார்கள்? மௌரியரில் தொடங்கி, சோழராகி, முகலாயராக முடிக்கலாம் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோழர் கடைசியில் ஒரு சிவ் கேமில் சொந்தப் பெயரில் வந்தார்கள் என்பதே பெரிய விஷயம். ஏன் எல்லோரும் திட்டினார்கள்?

ஈட்டிக்காரன்:

வாருங்கள் நாவாய். சோழர் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சோழருக்குப் பின் முகலாயர் என்பது என்ன கணக்கு? சோழர் மாறி முகலாயர் ஆனார்களா? ஒரே துணைக்கண்டம் என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன தொடர்ச்சி? யதார்த்தம் என்று சொல்லிக்கொண்டு வந்த விதி, எனக்குத் தெரிந்த வரலாற்றை இன்னும் மோசமாகக் காட்டுகிறது. சிவ் 4இல் கி.மு. 4000இல் அமெரிக்கா இருப்பது அபத்தம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வரலாறு என்று நம்பவில்லை. வெளிப்படையான அபத்தம் ஆபத்தில்லாதது. பாதி உண்மை மாதிரி தோன்றும் அபத்தம்தான் எரிச்சலூட்டுகிறது.

2021இல் ஹ்யூமன்கைண்ட் என்ற கேமும் இதே தவறைச் செய்தது. ஆறு யுகம், யுகத்துக்குப் பத்துப் பண்பாடு, ஒவ்வொரு யுகத்திலும் எல்லோரும் சட்டை மாற்றிக்கொள்வார்கள். பக்கத்து நாட்டுக்காரன் யார் என்றே மறந்துபோகும். பகை வளர்வதற்கு முகம் ஒன்று வேண்டாமா?

இன்னொருடர்ன்:

ஈட்டிக்காரா, சிவ் 7இன் பெயர் மாற்றத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் யுக முடிவில் வரும் நெருக்கடியைத் திட்டாதீர்கள். கலகமோ, கொள்ளைநோயோ, படையெடுப்போ, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது. முதல் நூறு டர்னில் முந்தியவன் கடைசி வரை முந்தியே இருப்பான், மீதி ஆட்டம் வெறும் கிளிக் என்பது இந்த வகைக் கேம்களுக்குப் பிறவிநோய். அதற்கு வரலாற்றிலிருந்தே மருந்து எடுக்கப் பார்த்தார்கள். அளவு தப்பியது, அவ்வளவுதான்.

கல்வெட்டு:

"எல்லோருக்கும் ஒரே சமயத்தில்" என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

யூரோபா 5 1337இல் தொடங்குகிறது. தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போகும். 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்தார்கள், கேமிலும் அது கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பக்கத்து நாட்டுக்காரனும் செத்துக்கொண்டிருக்கிறான், அதனால் நியாயம் என்று தோன்றுகிறது.

இப்போது 1492க்குப் பிந்தைய அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். பெரியம்மையும் தட்டம்மையும் ஒரு பக்கத்தை மட்டும் தாக்கின. சில பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர் செத்தார்கள் என்கிற மதிப்பீடுகள் உண்டு. உண்மையான அஸ்டெக் ஏன் லிஸ்பனுக்குப் போகவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. மீதிப் பாதி குதிரை. அமெரிக்காவின் குதிரைகள் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டன. லாமா வகையை விட்டால் வளர்ப்பு மந்தை விலங்குகளும் இல்லை, அவற்றிடமிருந்து வரும் நோய்களும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை. உண்மையான காரணங்களை விதியாக எழுதினால் அஸ்டெக்கை எடுத்து ஆடுகிறவர், தன் தவறு எதுவுமில்லாமல், ஒரு டர்னில் எல்லாவற்றையும் இழப்பார். யதார்த்தத்தின் உச்சம் அது. யார் அதை இரண்டாம் முறை ஆடுவார்கள்?

ஆக, கேம்கள் எந்த யதார்த்தத்தை உள்ளே விடுகின்றன என்பதைத் தீர்மானிப்பது வரலாறு அல்ல, நியாய உணர்வு. இன்னொரு வடிகட்டி, கூச்சம். 1994இல் வந்த கொலனைசேஷனைப் பாருங்கள். புதிய உலகத்தில் புகையிலையும் கரும்பும் பயிரிட்டு ஐரோப்பாவுக்கு விற்பதுதான் அதன் ஆட்டத்தில் பெரும்பகுதி. அதில் அடிமை வணிகம் என்ற ஒன்றே கிடையாது. சிவ் 4இல் அடிமைமுறை உண்டு, ஆனால் அது ஓர் அரசாங்கக் கொள்கை: மக்கள்தொகையைக் கொடுத்துக் கட்டடத்தை உடனே முடிக்கலாம். ஆரம்ப ஆட்டத்துக்கு அதுதான் சிறந்த தேர்வு என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். ஒன்று மறைத்துவிட்டது, மற்றொன்று லாபக் கணக்காக மாற்றிவிட்டது. இரண்டில் எது மோசம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. "காரணங்களை மட்டும் எழுதினால் போதும்" என்று சொல்கிறவர்கள் இந்தக் காரணங்களையும் எழுதுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சும்மாபடிப்பவன்:

இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் அடுத்த விஷயத்துக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.

மோட்டுவளை:

நான் சொல்கிறேன், முழுப் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோய் விஷயத்தில் தப்பு எங்கே என்றால், நாம் 'ஒரு நாடு' ஆக ஆடுகிறோம். நாடு செத்தால் ஆட்டம் முடிந்தது. இன்னொருடர்ன் சொன்ன மோடில் நாகரிகம் விழுந்த பிறகு வேறொன்றுக்கு மாறலாம். க்ரூஸேடர் கிங்ஸில் நீங்கள் ஒரு குடும்பம். ராஜ்யம் போனாலும் ஒரு சிற்றூர்த் தலைவனாகத் தொடரலாம். இழந்த பிறகும் ஆடுவதற்கு ஏதாவது மிச்சமிருந்தால், ஆடுபவர் எவ்வளவு பெரிய அடியையும் தாங்குவார். அதனால் அஸ்டெக் பிரச்சினைக்குத் தீர்வு நோயை எடுத்துவிடுவது இல்லை. நோய்க்குப் பின் எஞ்சியவர்களாக ஆடுவதைச் சுவாரசியமாக்குவது. செய்வது கடினம்தான். எந்தப் பெரிய நிறுவனமும் இதை ஒழுங்காகச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடிமைமுறை பற்றி: கேம் அதற்கு விலை வைக்க வேண்டும், அந்த விலை உற்பத்திக் கணக்கில் இல்லாமல் வேறெங்காவது வந்து கடிக்க வேண்டும். கலகம், ஓட்டம், நூறு டர்னுக்குப் பின்னும் ஆறாத பிளவு. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி வேலை விஷயம், அறுகோணம். ஃப்ரீசிவை எடுத்தது நல்லது. உங்களுக்கு வேண்டிய பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. தொழில்நுட்பக் கசிவு என்று ஓர் அமைப்பு உண்டு. தூதரகம் வைத்திருக்கும் நாடுகளுக்கு ஒரு கலை தெரிந்திருந்தால் உங்களுக்கும் அது மலிவாகும். காகிதமும் வெடிமருந்தும் பரவியது அப்படித்தான், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. அறிவுக்குப் பராமரிப்புச் செலவும் வைக்கலாம், கட்டாவிட்டால் கலை மறந்துபோகும். ரோமானியர் 43 மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட் குவிமாடம் கட்டினார்கள், மேற்கு ரோம் விழுந்த பிறகு அந்தக் கைப்பக்குவம் பல நூற்றாண்டு காணாமல் போனது. தலைநகரம் விழுந்தால் உள்நாட்டுப் போர் வெடித்து நாடு இரண்டாகப் பிளப்பது, முதல் சிவ் காலத்திலிருந்தே இருக்கிறது, ஃப்ரீசிவிலும் உண்டு. மீதியை லுவா என்ற நிரல்மொழியில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: கணினி ஆடும் நாடுகளுக்கு உங்கள் நுட்பமான விதிகள் எதுவும் புரியாது. அழுத்தத்தை நீங்கள் அழகாக நெளிந்து தப்பிப்பீர்கள், கணினி அப்படியே அதில் போய் முட்டிக்கொண்டு சாகும். பாரடாக்ஸ்காரர்கள் அதிர்ஷ்ட நாடுகள் என்று முட்டுக்கொடுத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பட்டுப்பாதை:

அந்த எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம். யூரோபா 4இல் முதலில் மேற்கத்திய, கிழக்கத்திய, இந்திய, சீன என்று தொழில்நுட்பக் குழுக்கள் இருந்தன. மேற்கல்லாதவர்களுக்கு எல்லாம் விலை அதிகம். அப்பட்டமான அநியாயம் என்று 2016இல் எடுத்துவிட்டு, மறுமலர்ச்சி, அச்சகம் என்று ஓரிடத்தில் பிறந்து பரவும் 'நிறுவனங்கள்' முறையைக் கொண்டுவந்தார்கள். காரணத்தை எழுதினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆடுபவர்கள் என்ன செய்தார்கள்? ஒரே மாகாணத்தில் புள்ளிகளைக் கொட்டி வளர்த்து, மறுமலர்ச்சியைத் தங்கள் ஊரிலேயே பிடுங்கி எடுத்தார்கள். கணினிக்கு அந்தத் தந்திரம் சரியாக வரவில்லை. நியாயமாக்கப்போன விதி, மனிதர்களுக்கு மட்டும் நியாயமாகிவிட்டது.

அறுகோணம்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரும் உட்கார்ந்து முழு இழையையும் படித்தோம். ஓரளவு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

தேதி வைத்த நிகழ்ச்சி ஒன்றுகூட இருக்காது. ஆராய்ச்சியில் திசை மட்டும்தான் காட்ட முடியும். கசிவை அதிகமாக வைக்கிறோம், மறதியும் உண்டு. சாலைக்குச் சக்கரம் தேவையில்லை (கல்வெட்டு ஐயாவுக்காக!). கண்டங்களின் வடிவம் உண்மை, ஆனால் இரும்பும் தாமிரமும் எங்கே கிடைக்கும் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். மேப்பை மனப்பாடம் செய்தவருக்கு அனுகூலம் இருக்கக் கூடாது என்பதற்காக. அமெரிக்காவில் குதிரை கிடையாது, அதில் சமரசம் இல்லை. நோயைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை, இப்போதைக்கு அது தனி விருப்பமாக இருக்கும்.

மங்கோலியர் விஷயத்தில் ஒரு விதி யோசித்திருக்கிறோம். கி.மு. 221இல் சின் வம்சம் சீனாவை ஒன்றாக்குகிறது. அடுத்த பன்னிரண்டே ஆண்டில், கி.மு. 209இல், மோடுன் சியோங்னு நாடோடிகளின் தலைவனாகிப் புல்வெளியை ஒன்றாக்குகிறான். எல்லையில் பணக்கார, ஒன்றுபட்ட நாடு இருந்தால் அதன் அளவுக்கேற்பப் புல்வெளிக் கூட்டமைப்பும் திரளும் என்று வைக்கலாம். நீங்கள் எவ்வளவு பெரிதாக வளர்கிறீர்களோ, வடக்கே அவ்வளவு பெரிய இடி. ஆண்டு எதுவும் எழுத வேண்டியதில்லை, முந்தி ஓடுபவரையும் இழுத்துப் பிடிக்கும்.

ஈட்டிக்காரன்:

இது எனக்கே பிடித்திருக்கிறது. பீட்டா வந்தால் சொல்லுங்கள்.

கல்வெட்டு:

சாலைக்கு நன்றி. விதியும் அழகாக இருக்கிறது. ஆனால் 1206இல் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனபோது சீனா ஒன்றாகவே இல்லை. வடக்கே ஜின், தெற்கே சோங், வடமேற்கே ஷி ஷியா என்று மூன்றாகக் கிடந்தது. உங்கள் விதிப்படி செங்கிஸ் கான் பிறக்கவே மாட்டார்.

அறுகோணம்:

அடடா. முதல் நண்பர் இதைப் படித்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சரி, எல்லை நாடுகளின் மொத்தச் செல்வத்தை எடுத்துக்கொண்டு, ஒற்றுமை என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டு, மேலே ஒரு பகடையும் போடுகிறேன். இன்றிரவு மனித ஆட்டக்காரர் யாரும் இல்லாமல், கணினிகளை மட்டும் விட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.